செத்த பெட்டி

ஜூன் 9

பிரஷர் 150/90. இட்லி மூன்று. இடது கையால் தானே சாப்பிட்டார், பாதி சட்டைக்கு.

தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். பிரஷர், மருந்து, சாப்பாடு, என்ன பேசினார். கடைசிக் கேள்விக்கு வேலையே இல்லை. பிப்ரவரியில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. சிலேட்டும் சாக்பீஸும் கொடுத்துப் பார்த்தோம். வட்டம் வட்டமாக இழுத்துவிட்டு சிலேட்டைத் தள்ளிவிட்டார். காமர்ஸ் லெக்சரர், முப்பத்துநாலு வருஷம் பேசிப் பிழைத்தவர்.

நான் சொல்வதெல்லாம் புரிகிறது என்கிறார் டாக்டர். முன்பு மட்டும் புரியாமலா இருந்தது? காதில் போட்டுக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 10

சுதாகர் போன். ஆகஸ்ட் கடைசிக்குள் பெங்களூர் வந்துவிட வேண்டுமாம். லிஃப்ட் இருக்கிற வீடு, பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. கோயமுத்தூர் வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம்.

“அப்பா ரூம்ல இருக்கற அந்த ரெண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கும் இங்க இடமில்லம்மா. ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கித் தரேன். பேசினா பாடும்.”

பேசினால் பாடுமாம். இங்கே ஒருவர் பேசாமலே இருக்கிறார், அவருக்கு அது எப்படிப் பாடும் என்று என் மகன் யோசிக்கவில்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளை.

ஜூன் 12

பிரஷர் 160/90. காரணம் கிருபாகரன்.

மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இவரும் அவரும் இன்னும் எட்டுப் பேரும் மாதத்தின் முதல் ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பழைய ஸ்டீரியோ பெட்டிகளின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். அதற்கு ஒரு சங்கம். சங்கத்துக்கு ஒரு தலைவர், கிருபாகரன். நான் காபி கொண்டுபோனால் கண்ணைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டுகிற கூட்டம்.

நாலு மாதம் கழித்து நண்பரைப் பார்க்க வந்தவர், இவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, “லோகு. நான் கிருபா. கிருபா,” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். போனது பேச்சு, காது அல்ல. சொன்னேன். கேட்டுக்கொண்டு மறுபடியும் கத்தினார்.

அப்புறம் என்னை ஹாலுக்குக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. அது செத்த பெட்டிங்க. நாப்பது வருஷமாச்சு. போன வருஷமே ஒண்ணு பாடறத நிறுத்திடுச்சுன்னு லோகு சொன்னான். நீங்க ஊர் மாறற நேரத்துல அதை எங்க தூக்கிட்டு அலைவீங்க? லோகுவுக்காக நான் எடுத்துக்கறேன். எங்க மாடில ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது.”

“செத்ததை மாடியில வெச்சு என்னங்க பண்ணுவீங்க?”

“ஒரு ஞாபகத்துக்குத்தான்.”

சாகாத நண்பரின் ஞாபகத்துக்கு. மெக்கானிக் ஒருவரை அனுப்புவதாகவும், அவர் வாயாலேயே நான் கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். காபியை முழுசாகக் குடித்தார்.

ஜூன் 15

மெக்கானிக் வந்தார். இடது பக்கப் பெட்டியின் பெரிய ஸ்பீக்கரைக் கழற்றினார். எடுத்த ஸ்குரூவைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், நான் கேட்கும்வரை தரவில்லை. கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் தொட்டதும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

“இனி ஆகாதுங்கம்மா. உள்ள காயில் கம்பி போயிருச்சு. இதுக்கு இப்ப பார்ட்ஸே வர்றதில்லீங்.”

“சுத்திப் போட முடியாதுங்களா?”

“இதெல்லாம் ஃபாரின்ல மெஷின்ல சுத்துறதுங்கம்மா. கை வேலை ஆகாதுங்.” செருப்பை மாட்டும்போது, “கிருபாகரன் சார் கேட்டா, நான் வந்து பாத்துட்டு ஆகாதுன்னு சொல்லிட்டேன்னு சொல்லிருங்க,” என்றார்.

சொல்கிறேன். உனக்கு என்ன சொல்லி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஜூன் 16

மதியம் இவர் தூங்கியபின் அந்த ஸ்பீக்கரைச் சாப்பாட்டு மேஜைமேல் கவிழ்த்துப் பார்த்தேன். கூம்பின் அடியில் ஒரு காகிதக் குழாய், அதன்மேல் இரண்டு அடுக்கு எனாமல் கம்பி. ஒரு இடத்தில் கருகி அறுந்திருக்கிறது. இவ்வளவுதான். இதற்குத்தான் சங்கம், தலைவர், ஃபாரின் மெஷின்.

நான் பம்பு மோட்டார் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் வைண்டிங் செக்‌ஷனில் இருந்தேன். கடைசி ஒன்பது வருஷம் சூப்பர்வைசர். எத்தனை ஆயிரம் மோட்டாருக்குக் கம்பி சுற்றியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. இந்தச் சங்கத்தார் யாருக்கும் அது தெரியாது. “லோகு மிஸஸும் ஏதோ வேலைக்குப் போறாங்க” என்று ஒருமுறை கிருபாகரன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இவர் விழித்துவிட்டார். சக்கர நாற்காலியை இடது கையால் உருட்டிக்கொண்டு வாசற்படி வரை வந்து, மேஜையைப் பார்த்ததும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம், நாற்காலிக் கையில் பட்பட்டென்று அடி. தொடாதே என்கிறார். அந்த அறையில் தூசி தட்டக்கூட என்னை விட்டதில்லை.

“தொட்டாச்சுங்க,” என்றேன். “இனி அடிச்சு என்ன பண்றது?”

ஜூன் 21

கணபதி ஏரியாக் கடைக்குப் போய்க் கம்பி வாங்கிவந்தேன். பழைய சுருளைப் பிரித்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு சுற்று. கம்பித் தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டர் என்னிடமே இருக்கிறது, கம்பெனியில் பிரிவு உபசாரத்தன்று நானே கேட்டு வாங்கியது. மற்றவர்களுக்கெல்லாம் வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள்.

கிருபாகரன் போன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். “பாத்தீங்களா சிஸ்டர்,” என்றார். துக்கம் விசாரிக்கிற குரலில் எவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 26

சுற்றினேன். பூரிக்கட்டையில் காகிதம் சுற்றி, அதன்மேல் குழாயை இறுக்கி, முதல் அடுக்கு ஐம்பத்தாறு. கண்ணாடி போட்டும் கம்பி தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. இரண்டாவது அடுக்கு நாற்பதில் இருக்கும்போது பிசியோதெரபி ஸ்டெல்லா வந்து காலிங்பெல் அடித்தாள். எண்ணிக்கை போயிற்று. மறுபடியும் முதலிலிருந்து.

ஸ்டெல்லா நல்ல பெண். ஆனால் இவர் விரலை மடக்கினாலும் சூப்பர், மடக்காவிட்டாலும் சூப்பர். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளை ஃபெயிலாக்கி வந்த மனுஷன், அந்த சூப்பரைக் கேட்கும்போது இவர் கண்ணில் தெரிகிற வெறுப்பு இருக்கிறதே, அது ஒன்றுதான் எனக்கும் இவருக்கும் பொது.

ஜூலை 8

நுரை வளையம் வந்தது. சுதாகரிடம் ஆர்டர் போடச் சொல்லியிருந்தேன். “எதுக்கும்மா உனக்கு இந்த வேண்டாத வேலை” என்று இரண்டு தடவை கேட்டான். விற்கிறதென்றால் நல்லபடியாக விற்கலாமே என்றேன். அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

ஜூலை 13

(இந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டக்கூடாது.)

சுருளுக்கும் நடுக் காந்தத்துக்கும் இடையே மயிரிழைதான் இடைவெளி. கூம்பை ஒட்டும்போது சுருள் நட்டநடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் உரசினாலும் கரகரக்கும். நடுவில் நிறுத்த மெல்லிய தகடு மாதிரி ஏதாவது செருக வேண்டும். வீட்டில் கிடைத்தது இவருடைய மார்பு எக்ஸ்ரே. நாலு துண்டாக வெட்டினேன். பழையதுதான், நுரையீரல் அப்படியே இருக்கிறது.

வெட்டும்போது வாசற்படியில் இவர். அடிக்கவில்லை. கழுத்தை நீட்டிப் பார்த்தார். பசை தடவி வளையத்தை ஒட்டி முடிக்கும்வரை ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தார். தண்ணீர் வேண்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையாட்டினார். டிவி போடட்டுமா என்றேன், என்னைப் பார்த்த பார்வைக்கு எழுத்தில்லை.

ஜூலை 14

பிரஷர் 140/85. பசை காய்கிறது.

ஜூலை 19

பூட்டினேன். சக்கர நாற்காலியை அறைக்குள் தள்ளிப்போய், இவர் எப்போதும் உட்காரும் இடத்தில், இரண்டு பெட்டிக்கும் எதிரே நடுவில் நிறுத்தினேன். ஒரு நாதஸ்வர ரெக்கார்டு. ஊசி வைக்க எனக்குத் தெரியாது, வைத்தேன்.

செத்த பெட்டி பாடியது.

எனக்கு நன்றாகத்தான் கேட்டது. கரகரப்பு இல்லை. இரண்டு பெட்டியிலும் சத்தம். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். பாராட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சாம்பாரைக்கூடப் பாராட்டாதவர்.

அரை நிமிஷம் கேட்டார். அப்புறம் முகம் சுளித்தார். இடது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

இரண்டுக்குப் போக வேண்டும் என்றால் வீட்டில் இரண்டு விரல்தான். ரெக்கார்டை நிறுத்திவிட்டு பெட்பேன் எடுத்துவந்தேன். அதை ஒரே தட்டு. நல்லவேளை காலிப் பாத்திரம். பெட்டியின் காலடியில் போய் விழுந்தது.

ஜூலை 22

மறுபடியும் போட்டேன். மறுபடியும் இரண்டு விரல். இந்தமுறை ஸ்டெல்லா இருந்தாள்.

“அப்பா வெற்றின்னு காட்றாருங்க ஆன்ட்டி. சூப்பர்ப்பா.”

இவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜூலை 25

பிரஷர் 170/100.

இரண்டு விரல். இரண்டாவது பக்கமா? ரெக்கார்டைத் திருப்பிப் போட்டேன், இல்லை. இன்னும் இரண்டு மடங்கு சத்தமா? இல்லை. இரண்டாவது பெட்டியா? அதைத் தொட்டுக் காட்டினேன், இல்லை இல்லை என்று தலை. கடைசியில் விரல்களை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்றை ஏற்ற முயன்றார். நடுவிரல் வழுக்கி வழுக்கி விழுந்தது. இடது கையே ஆனாலும் ஐந்து மாதமாகச் சாப்பாட்டுக்கு மட்டும் பழகிய கை. நெற்றி முழுக்க வியர்வை.

எனக்கும் பொறுமை போய்விட்டது. “நான் செஞ்சா எதுங்க உங்களுக்குப் புடிச்சிருக்கு? வாய் போயும் குத்தம் சொல்றது போகலியே,” என்று சொல்லிவிட்டேன்.

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 26

டாக்டருக்கு போன். எந்தப் பரபரப்பும் கூடாது, மறுபடி ஒருமுறை வந்தால் தாங்காது என்றார். சுதாகரும் பேசினான். “அந்தச் சனியனைத் தூக்கிக் குடுத்துரும்மா.”

பெட்டிகள்மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினேன். கிருபாகரனுக்கு போன் செய்தேன். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வண்டியோடு வருகிறாராம். “நல்ல முடிவு சிஸ்டர்,” என்றார். பாடுகிறது என்று நான் சொல்லவில்லை.

ஜூலை 30

பிரஷர் 140/90. இட்லி ஒன்று. என்னைப் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் போகிறது.

ஆகஸ்ட் 2

தப்பு என்னுடையது.

காலையில் மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டேன். போன வாரம் எலெக்ட்ரீஷியன் ஒருவன் வந்து எதையோ கழற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தான். மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. பார்த்தவுடனே தெரிந்தது, தலைகீழாகச் சுற்றுகிறது. அறிவுகெட்டவன் இரண்டு கம்பியை மாற்றிக் கொடுத்திருக்கிறான் என்று திட்டிக்கொண்டே வந்தவள் படியில் நின்றுவிட்டேன்.

கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனுக்குப் பக்கத்திலேயே டெஸ்டிங். ஐம்பது மோட்டார் ஒரே நேரத்தில் ஓடும், பேசினால் காதில் விழாது. எல்லாவற்றுக்கும் கை ஜாடைதான். சுற்றிய மோட்டார் தலைகீழாக ஓடினால், டெஸ்டிங்கிலிருந்து விரல் இரண்டைப் பின்னிக் காட்டுவார்கள். நடுவிரலை ஆட்காட்டி விரல்மேல் ஏற்றி. கம்பி இரண்டையும் மாற்று என்று அர்த்தம்.

இது கம்பெனிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. கல்யாணமான புதிதில் இவரிடம் சொன்னேன். சாயங்காலம் டீ குடிக்கும்போது, ஒவ்வொரு ஜாடையாகச் செய்து காட்டினேன். சூப்பர்வைசர் வருகிறார், சுருள் கட்டும் நூல் தீர்ந்தது, கம்பியை மாற்று. இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை. அதற்கப்புறம் நான் கம்பெனிக் கதை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறார்.

போர்வையை எடுத்துவிட்டு ஸ்பீக்கரைக் கழற்றி டார்ச் செல் ஒன்றை வைத்துப் பார்த்தேன். கூம்பு வெளியே வர வேண்டும், உள்ளே போயிற்று. சுருளின் இரண்டு முனையை மாற்றிப் பற்றவைத்திருக்கிறேன். ஒரு பெட்டி தள்ளும்போது இன்னொன்று இழுக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் நான் சுற்றிய ஒன்றுகூட டெஸ்டிங்கிலிருந்து திரும்பி வந்ததில்லை. ஸ்டெல்லா வந்து எண்ணிக்கையைக் கலைத்ததால்தான் இருக்கும்.

அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

மாற்றிப் பற்றவைத்தேன். இவரை அழைத்துக்கொண்டுபோய் உட்காரவைத்து அதே நாதஸ்வரத்தைப் போட்டேன்.

தவில் வந்தது. முன்பும் தவில் இருந்தது, ஆனால் தவில்காரர் இடது பக்கக் கோலை வீட்டில் வைத்துவிட்டு வந்தது மாதிரி, வலது பக்கம் மட்டும் படபடத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது இடது பக்கம் அடிவயிற்றில் விழுந்தது. அறை முழுக்கச் சிதறிக் கிடந்த நாதஸ்வரம் இரண்டு பெட்டிக்கும் நடுவில், சுவரில் காலண்டர் தொங்குகிற இடத்தில் வந்து நின்றது. அங்கே பெட்டியே இல்லை.

ஒரு பக்கம் முடியும்வரை இவர் அசையவில்லை. நானும் நின்றுகொண்டே கேட்டேன். முட்டி வலி.

முடிந்ததும் என்னைப் பார்த்தார். நான் விரலைப் பின்னிக் காட்டி, “இதைத்தானுங்களே சொன்னீங்க,” என்றேன்.

தலையாட்டினார். இத்தனை நாளாகப் புரியாதவளைப் பார்க்கிற தலையாட்டல். கண்ணில் தண்ணீர் வந்தது, பக்கவாதம் வந்தவர்களுக்கு அப்படி வருமாம்.

பிரஷர் எடுக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

பிரஷர் 135/85.

கிருபாகரனுக்கு போன் செய்து வர வேண்டாம் என்று சொல்ல எடுத்தேன். அப்புறம் வைத்துவிட்டேன். வரட்டும்.

ஆகஸ்ட் 9

விவரமாக எழுத வேண்டிய நாள்.

காலை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கு இவர் அறைக்குப் போய், “தலைவர் வர்றாருங்க. கேட்டுப் பாக்கட்டும். வலது பெட்டிக்குப் போற கம்பியை மாத்திப் போட்டுரட்டுங்களா?” என்றேன்.

ஒன்றும் புரியாத மாதிரி பார்த்தார். அப்புறம் இடது கையை மடியிலிருந்து மெல்லத் தூக்கினார். நடுவிரல் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை ஏறியது.

ஆம்ப்ளிஃபயரின் பின்னால் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் செருகினேன்.

கிருபாகரன் இரண்டு சுமைகூலிக்காரர்களோடு வந்தார். வந்ததும் “லோகு” என்று கத்தினார். பாடுகிறது என்று சொன்னேன். முகம் ஒரு கணம் தொங்கி மறுபடி ஏறியது.

“யாருங்க செஞ்சது?”

“தெரிஞ்சவங்க ஒருத்தர்.”

“அப்ப ஒரு தடவை கேட்டுட்டே எடுத்துக்கறேன்.”

நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு நடுவில், இவரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். நாதஸ்வரம் தொடங்கியது. நடு இல்லை, அடி இல்லை, தவிலுக்குக் கோல் இல்லை. கிருபாகரன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

“இதுதானுங்க சிஸ்டர், அந்தக் காலத்துச் சரக்கு. தவிலைப் பாருங்க, எவ்வளவு கட்டுக்கோப்பு. குமுறல்ங்கறதே கிடையாது. இந்தக் காலத்துப் பெட்டில எல்லாம் தடதடன்னு அடிக்கும். சத்தம் பெட்டிக்குள்ள நிக்காம எப்படி ரூம் முழுக்கப் பரவுது பாத்தீங்களா? இது புரியறதுக்குக் காது பழகியிருக்கணும்.”

“ஆமாங்க,” என்றேன்.

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். மூச்சு இரைக்கிற மாதிரி. எனக்கு உயிரே போய்விட்டது, இரண்டாவது தடவை வந்துவிட்டது என்றே நினைத்து ஓடினேன். இவர் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தோள் குலுங்க இருந்தார். வாயின் இடது பக்கம் காதுவரை போயிருந்தது, வலது பக்கம் அப்படியே இருந்தது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்கே நேரமாயிற்று.

கிருபாகரன் கண்ணைத் திறந்து, “பாவம், அழறான். மனசு விட்டுப் போகுதில்லீங்களா,” என்றார்.

“இல்லீங்க,” என்றேன். “பெட்டி போகலீங்க. வண்டியைத் திருப்பிக்கச் சொல்லுங்க.”

“சிஸ்டர், பேசினது பேசினபடி...”

“நீங்க அவரோட பேசலீங்க. என்னோட பேசினீங்க. நான்தான் இப்பச் சொல்றேன்.”

ஏதேதோ சொன்னார். நட்பு என்றார், சங்கத்தின் ஆரம்பகாலத்திலிருந்து என்றார். சுமைகூலிக்காரர்களுக்கு மோர் கொடுத்தேன். அவருக்குக் காபி போடவில்லை. கம்பி மாற்றியிருந்ததைக் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் அசடு வழிவதை மூடி மறைக்க ஒரு சாக்கு தேடுவார். தெரியாமலே இருக்கட்டும், இனி எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் கட்டுக்கோப்பு கட்டுக்கோப்பு என்று சொல்லட்டும்.

ஆறு மாதமாகிறது இவர் சிரித்து. அதுவும் இன்னொருவரைக் கேலி செய்து.

சாயங்காலம் சுதாகரிடம் போனில் சொன்னேன், நாங்கள் பெங்களூர் வரவில்லை என்று.

“ஏம்மா, அப்பா என்ன சொன்னாரு?”

“வேண்டான்னாரு.”

“அவர் எப்படிம்மா சொன்னாரு?”

“சொன்னாருடா,” என்றேன். அவனுக்கு விளக்கப் பொறுமை இல்லை.

டாக்டர் கேட்ட கடைசிக் கேள்வி, என்ன பேசினார். எழுதுகிறேன்: பேசினார்.

ஆகஸ்ட் 10

கம்பியைச் சரியாக மாற்றிச் செருகினேன். காலையிலேயே அறைக்குள் அழைத்துப்போகச் சொல்லி அடம். வீணை போட்டேன். திருப்தியில்லை. இடது பெட்டியைக் கொஞ்சம் உள்பக்கம் திருப்பச் சொன்னார், கையால்தான். திருப்பினேன். அதிகம். கொஞ்சம் வெளியே. குறைவு. வலதைப் பின்னால் தள்ளு. ஒரு பெட்டி இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், இடுப்பால் முட்டித் தள்ளினேன். விரல் ஒன்றை மட்டும் ஆட்டி இன்னும் ஒரு நூலளவு என்கிறார். காலேஜில் இந்த மனுஷனிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

“இது போதுமுங்க, நான் போய் உலை வெக்கணும்,” என்றேன்.

முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நேற்று கிருபாகரன் போட்டுவிட்டுப் போன நாற்காலியைத் தன் பக்கத்தில் இழுக்கச் சொன்னார். பிறகு அதுவும் சரியில்லை என்று தன் சக்கர நாற்காலியை இடப்பக்கம் ஒன்றரை அடி உருட்டிக்கொண்டு, நான் உட்கார அந்த நாற்காலியை நட்டநடுவில் போடச் சொன்னார்.

மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. ரசம் வைக்கவில்லை.